அடி புதையாத துணி

மேட்டை வெட்டி அடுக்குமாடி எழுப்பிக்கொண்டிருந்த கம்பெனியில் அவருடைய பதவிப் பெயர் மிக நீளம்; விசிட்டிங் கார்டில் இரண்டு வரி பிடிக்கும். ஆபீசில் சுருக்கமாகச் 'சேற்று எஞ்சினியர்' என்றார்கள். மழைத் தண்ணீர் சைட்டிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு போகாமல் பார்ப்பது அவர் வேலை. மண் போகாதவரை அப்படியொருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. போனால் ஊருக்கே தெரியும்.

போன மழையில் போனது. சரிவின் அடியிலிருந்த தெருவுக்குள் குழம்பாக இறங்கி முதல் கடைக்குள் புகுந்தது. அது அவருடைய அக்காவின் தையல் கடை. மிஷின் மோட்டார் சேற்றைக் குடித்துச் செத்தது. தைத்து அடுக்கியிருந்த சீருடைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஆகாத ஒரே நிறத்துக்கு வந்தன.

"ஊர் மண்ணையெல்லாம் நிறுத்துறவன், அக்கா வாசல்ல நிறுத்த மாட்டியாடா?" என்றாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விடுவேன் என்றாள். கத்தியிருந்தாலாவது பரவாயில்லை. விளக்குமாற்றைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னாள்.

அதனால்தான் நாயாய் அலைந்து அனுமதி வாங்கினார், சரிவின் அடியில் குச்சி நட்டுத் தடுப்புத் துணி கட்ட. தண்ணீரைக் கசியவிட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும் துணி அது. சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான்: அடி ஓரத்தை ஒரு சாண் பள்ளம் தோண்டிப் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் துணியை மதிக்காது. குனிந்து அடியில் புகுந்து போய்விடும்.

துணி வந்தது. வெறும் துணியாக வரவில்லை. 'மண் நம் தாய்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, பக்கத்திலேயே தாயைவிடப் பெரிதாக முதலாளியின் பெயரைப் போட்டு வந்தது. பசுமைக் கட்டுமான விருதுக் குழு மறுநாள் பார்வையிட வருவதால் விளம்பர மேலாளர் செய்த ஏற்பாடு. அச்சகத்தில் எழுத்து முழுவதையும் அடி ஓரத்தில் போட்டுவிட்டார்கள்.

மேஸ்திரியின் ஆட்கள் புதைத்து முடித்தபோது தாயும் முதலாளியும் சேர்ந்தே மண்ணுக்குள் போயிருந்தார்கள். மேலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்ன சார் இது! எம்.டி. பேரை உயிரோட புதைச்சிட்டீங்களே!"

"புதைக்கலேன்னா கட்டியும் கட்டாத மாதிரிதான் சார்."

"கமிட்டி வந்து பள்ளத்துக்குள்ளயா எட்டிப் பார்க்கும்? பேர் தெரியணும். எம்.டி.யே சொல்லிட்டார்."

எஞ்சினியர் வாயைத் திறந்தார். எத்தனையோ கூட்டங்களில் திறந்து பார்த்த வாய். பழக்கத்தில் தானாகவே மூடிக்கொண்டது.

"தோண்டி எடுத்துடுங்க," என்றார் மேஸ்திரியிடம்.

"புதைக்கச் சொன்னதும் நீங்க, தோண்டச் சொல்றதும் நீங்க. இடையில புதையல் கிதையல் வந்தா எங்களுக்குப் பாதி சார்," என்று மேஸ்திரி மண்வெட்டியை எடுத்தார்.

சாயங்காலம் வானம் கறுத்துவிட்டது. எஞ்சினியர் அக்கா கடைக்குப் போனார். துணி மூட்டைகள் தரையிலேயே கிடந்தன.

"மேல தூக்கி வைக்கலையாக்கா?"

"எதுக்கு? நீதான் தடுப்பு கட்டியாச்சுன்னு போன்ல சொன்னியே. அடியப் பொதைக்கணும், அது இதுன்னு காதுல ரத்தம் வர்ற அளவுக்கு விளக்கம் வேற."

அக்கா கொடுத்த டீயை அவர் உறிஞ்சினார். தரையில் கிடந்த மூட்டைகளை எண்ணினார். அக்கா மடியிலிருந்த ஜன்னல் திரையைத் தூக்கிக் காட்டினாள்.

"இந்தக் கூத்தப் பாரு. தலைகீழா தைச்சுத் தொலைச்சிட்டேன். பூவெல்லாம் வௌவால் மாதிரி தொங்குது. அந்தம்மா சண்டைக்கு வந்தா, வெயில மறைக்கிறது துணியா பூவான்னு கேட்டுடப் போறேன்."

எஞ்சினியர் டம்ளரைக் கீழே வைத்தார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா முழிக்கிற? உனக்கும் திரை வேணுமா?"

மறுநாள் விடிந்ததும் மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். "கழட்டித் தலைகீழா கட்டணுமா? எனக்கு இல்ல சார், துணிக்கே தலை சுத்தும்."

"எழுத்தில்லாத ஓரம் அடியில வரணும். அதப் பொதைங்க. பேர் தெரியணும்னாங்க, மேல நல்லாத் தெரியும்."

கடைசி மண்ணை மிதித்து இறுக்கும்போதே தூறல் விழுந்தது. குழு வந்து சேர்ந்தபோது பெருமழை. கீழ்த் தெருவில் குடைகளின் அடியில் நின்று எல்லோரும் துணியைப் பார்த்தார்கள். குழுத் தலைவர் கழுத்தை இடப்பக்கம் சாய்த்தார், பிறகு வலப்பக்கம். முதலாளி தன் பெயர் காலை மேலே தூக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டார். முகம் சுண்டியது. எஞ்சினியர் தன் செருப்பிலிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை போனால் கொஞ்சம் தூங்கலாம் என்று தோன்றியது.

"கான்செப்ட் சார்!" என்று குறுக்கே பாய்ந்தார் விளம்பர மேலாளர். "தலைகீழா நின்னாவது மண்ணைக் காப்போம்! அதான் கான்செப்ட்!"

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். "ரொம்ப ஆழமா இருக்கு."

அது உண்மைதான். ஒரு சாண் ஆழம்.

துணிக்கு அந்தப் பக்கம் சேறு முட்டிக்கொண்டு நின்றது. இந்தப் பக்கம் தண்ணீர் மட்டும் கசிந்து, சாக்கடையில் அடக்கமாக இறங்கியது. அதை யாரும் பார்க்கவில்லை. விருது உறுதியானது. கார் ஏறுமுன் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு, "மழை விட்டதும் நேரா மாத்திடு," என்றார்.

"சரி சார்."

மழைக்காலம் இப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

அடுத்த மாதக் கம்பெனி பத்திரிகையில் படம் வந்தது. எழுத்து நேராகத் தெரியவேண்டும் என்று மேலாளர் படத்தையே கவிழ்த்து அச்சடித்திருந்தார். எஞ்சினியர் அதைக் கொண்டுபோனபோது அக்கா காய்ந்த தரையில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தாள். மேலே தெரு, கீழே வானம்.

"ஏண்டா, உங்க கம்பெனியில மழை கீழேருந்து மேல பெய்யுமா?"

"எம்.டி. சொன்னா பெய்யும்க்கா," என்று அவர் மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடினார்.