சாம்பசிவம் உழாத நிலம்

தேயிலைத் தோட்டத்தில் ஆயுள் முழுக்கக் கணக்கெழுதும் கிராணியாக இருந்த சாம்பசிவம், ஓய்வு பெற்ற மறுமாதமே விவசாயி ஆகிவிட்டார். அதுவரை அவர் மண்ணைத் தொட்டதெல்லாம் சப்பாத்தில் ஒட்டியதைத் தட்டிவிடத்தான். ரிங்லெட் என்ற மலையூருக்குப் பக்கத்தில், தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில், ரோட்டோரமாக ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் முட்டைக்கோஸும் தக்காளியும் போட, அவர் மலைநெல் போடப்போவதாக அறிவித்தார். அதுவும் உழாமல்.

"மண்ணக் கிளறுறது பாவம்லா. உள்ள ஒரு உலகமே இருக்கு. ஒன் வீட்ட ஒருத்தன் தலைகீழா பொரட்டிப் போட்டா நீ குடியிருப்பியா?" என்று பக்கத்து நிலத்து நாகப்பனிடம் கேட்டார். நாகப்பன் அப்போது கை உழவு மெஷின் வைத்து உழுதுகொண்டிருந்தான். மரியாதைக்கு மெஷினை நிறுத்திக் கேட்டுவிட்டு, மறுபடி உழ ஆரம்பித்தான்.

கிராணியின் திட்டத்தில் குறை சொல்ல முடியாது. முதலில் நிலத்தை மூடச் சணப்புச் செடி. அதைச் சாய்த்து, அந்த மெத்தைமேலேயே நெல். நெல்லுக்குப் பின் பீன்ஸ், பீன்ஸுக்குப் பின் சர்க்கரைவள்ளி, திரும்பவும் சணப்பு. நிலம் ஒரு நாளும் வெறுமையாகக் கிடக்காது. கோயில் மண்டபத்தில் கூட்டம் சேர்த்து இதை விளக்கினார்.

"பூக்க ஆரம்பிச்சதும் சணப்பச் சாய்ச்சிடணும். அசந்தா காய் முத்தி வெத கொட்டிடும். அப்புறம் நெல்லு வயல்ல சணப்புதான் அறுக்கணும்!"

வீட்டிலும் இதையே பேசினார். அவர் மனைவி யோகேஸ்வரிக்கு, மிளகாய்ச் சம்பால் கிண்டிக்கொண்டே முழுப் பேச்சையும் ஒப்பிக்க வரும்.

சணப்பு ஆள் உயரத்துக்கு வந்து மஞ்சளாகப் பூத்தது. வினை அங்கேதான் பிடித்தது. கியா பார்முக்கு ஸ்ட்ராபெரி வாங்கப் போகிறவர்கள் காரை நிறுத்தினார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒரு கல்யாண ஜோடி வந்து படம் எடுத்தது. படம் எடுத்தவன், "அங்கிள், நீங்களும் நில்லுங்க" என்றான். அன்று சாயங்காலமே கிராணி பிரிஞ்சாங் டவுனுக்குப் போய் ஓலைத் தொப்பி ஒன்று வாங்கி வந்தார்.

"என்னங்க, பூத்துருச்சே. சாய்க்கலையா?" என்றாள் யோகேஸ்வரி.

"சனிக்கிழம ஒரு பஸ் வருதாம். பாத்துட்டுப் போவட்டும்."

சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு வீடியோக்காரன் வந்தான். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள். காய் முற்றிக் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போட்டது. பிள்ளைகள் செடியைப் பிடித்து ஆட்டி மகிழ்ந்தார்கள், விதை கொட்டியது. எல்லாப் பூவும் உதிர்ந்து, கார்கள் நிற்காமல் போன பிறகுதான் கிராணி செடிகளை நசுக்கிச் சாய்க்கத் தண்ணீர் நிரப்பிய பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தார். தண்டுகள் விறகாகிவிட்டிருந்தன. பீப்பாய் போகும்வரை படுத்திருந்துவிட்டு எழுந்து நின்றன. கத்தியால்தான் வெட்ட வேண்டியிருந்தது.

அதன்மேல் நெல் விதைத்தார். நெல்லும் முளைத்தது, சணப்பும் முளைத்தது. வெட்டிப் போட்ட சணப்பு மூடாக்குக்கு அடியில், ஈரத்தில் குடியேறிய நத்தைகள் நெல்லைத் தின்றுவிட்டுச் சணப்பை விட்டுவைத்தன.

"கிராணியாரே, இதுல எது நெல்லு?" என்றான் நாகப்பன்.

"இது ஒரு கட்டம்லா. மண்ணு தன்னத்தானே சரி பண்ணிக்கும்."

அப்போதுதான் கெடா மாநிலத்திலிருந்து துளசி என்ற பெண் போன் செய்தாள். அங்கே நெல் போடும் தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு நடத்துகிறார்கள், அவள்தான் தலைவி. வீடியோ பார்த்தார்களாம். உழாத நெல்லை நேரில் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறார்களாம். "தாராளமா வாங்க" என்றார் கிராணி. போனை வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒடம்பு சரியில்லன்னு சொல்லிருங்க" என்றாள் யோகேஸ்வரி.

"பஸ் பேசிட்டாங்கடி."

அவருக்கு ஒரே வழிதான் தோன்றியது. எல்லாவற்றையும் புரட்டிப் போட்டு, மேலே வைக்கோலைப் பரப்பி, அறுவடை முடிந்தது என்று சொல்லிவிடுவது. ஞாயிறு காலை நாகப்பனிடம் மெஷின் கேட்டார். நாகப்பன் சிரிக்கவில்லை, பெட்ரோலும் ஊற்றிக் கொடுத்தான். சிரித்திருந்தால் கிராணிக்குத் தேவலாம் போலிருந்தது.

பனிமூட்டம் நிலத்தை மறைத்திருந்தது. அந்தத் தைரியத்தில் உழுதார். கெடாக்காரர்கள் தாப்பா மலை ரோட்டில் ஜாம் ஆகுமென்று பயந்து சீக்கிரமே கிளம்பிவிட்டிருந்தார்கள். மெஷின் இரைச்சலில் பஸ் வந்தது அவருக்குக் கேட்கவில்லை. பனி விலகியபோது, ஒரு பஸ் ஆட்கள் வரிசையாக நின்று அவரைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்கிள்... உழுறீங்களா?" என்றாள் துளசி.

கிராணி மெஷினை நிறுத்தினார். தோட்டத்துத் துரைமார்கள் எத்தனையோ பேருக்குச் சாக்குச் சொன்ன நாக்கு அவரைக் கைவிடவில்லை.

"ஆமாமா. உழுதா மண்ணு என்ன கெதி ஆவும்னு காட்டத்தான். பாடம்."

"டெமோவா!" என்று கூட்டம் மகிழ்ந்தது. பின்னால் நின்ற ஒருவர், "மொதல்லேர்ந்து பண்ணுங்க ஐயா, நாங்க பாக்கல" என்றார்.

கிராணி ஒரு மூலை தவிர முழு நிலத்தையும் உழுதார். மெஷின் அவரை இழுத்துக்கொண்டு ஓட, உழுவது எவ்வளவு பெரிய பாவம் என்று கத்திக்கொண்டே உழுதார். "பாருங்க! மண்புழு சாவுது!" இடுப்பு பிடித்துக்கொண்டது. நத்தை ஒன்று தெறித்துத் தொப்பியில் உட்கார்ந்தது.

"அந்த மூலையில நெல்லுக்குள்ள சணப்பு மண்டிக் கெடக்கே?" என்றாள் துளசி.

"அதுவும்... பாடந்தான்மா. நேரத்துல சாய்க்கலன்னா இப்படித்தான் ஆவும்." பல மாதங்களில் அவர் சொன்ன முதல் உண்மை அது.

"தோத்தத யாரு இப்படித் தொறந்து காட்டுவாங்க!" என்றாள் துளசி. எல்லாரும் கை தட்டினார்கள். கிராணிக்குக் காது சுட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

யோகேஸ்வரி தேநீர் கொண்டுவந்தாள். "ஒங்க வீட்டுக்காரருக்குப் பெரிய மனசும்மா" என்றார் ஒருவர்.

"அவருக்கு எல்லாமே பெருசுதான். சீனி போதுமா?"

பஸ் போன பிறகு கிராணி மண்மேலேயே உட்கார்ந்தார். "கெடாவுக்குப் பேசக் கூப்புட்டிருக்காங்க" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"போய்ட்டு வாங்க."

அவர் கெடாவில் மாலை மரியாதை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, நிலம் முழுக்க முட்டைக்கோஸ் நாற்று நடப்பட்டிருந்தது. யோகேஸ்வரியும் நாகப்பனும் கடைசி வரிசையில் இருந்தார்கள். கிராணியின் வாய் சும்மா இருக்கவில்லை.

"முட்டைக்கோஸ் எடுத்ததும் பீன்ஸ் போடலாம். சுழற்சி முறைப்படி பாத்தா..."

யோகேஸ்வரி தண்ணீர்க் குழாயை அவர் கையில் திணித்தாள்.

"அந்த ஓரத்துலேர்ந்து பாச்சுங்க."