பின்பக்கத்துச் சிங்கம்

"மூணு சிங்கம் போதும் மேன். காசை எடுத்துப் பாரு, மூணுதானே தெரியுது? பின்னால ஒருத்தன் நின்னு யாருக்குத் தெரியப்போவுது?" என்று அசோகனிடம் சொன்னார் டென்சில். டென்சில் தொழிற்சாலையின் வெல்ஃபேர் ஆபீசர். சுதந்திரப் பொன்விழா ஊர்வலத்துக்குத் தொழிற்சாலை சார்பில் ஒரு லாரி, அதன்மேல் தேசியச் சின்னம். நடுவே அட்டைத் தூண், அதைச் சுற்றிச் சிங்க முகமூடியோடு ஆட்கள். பெயிண்ட் ஷாப் ஹெல்பர் அசோகனையும் சேர்த்து நாலு பேர் என்றுதான் பேச்சு. ஊர்வலத்துக்கு நாலே நாள் இருக்கையில் மனுஷர் இப்படிக் காலை வாரினால் என்ன செய்வது?

அவன் மனைவி காந்தா, அவர்கள் குடியிருந்த மர்பி டவுனில் ஒரு வீடு விடாமல் சொல்லி முடித்திருந்தாள். தண்ணீர்க் குழாயடியில், ரேஷன் கடை வரிசையில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "எங்க வூட்டுக்காரரு கவர்மெண்டு சிங்கமா நிக்கப்போறாரு" என்பதுதான் பேச்சு. கட்டிக்கொண்ட பத்தொன்பது வருஷத்தில் அவனைப் பற்றி அவள் பெருமையடித்துக்கொண்டது இது ஒன்றுதான். அவளிடம் போய் எந்த வாயால் இல்லை என்று சொல்வான்?

"சாரநாத்துல நாலு இருக்குது சார்," என்றான். "எங்க பௌத்த சங்கத்துல டூர் இட்டுனு போனாங்க. நான் சுத்தி வந்து பாத்தேன். பின்னால இருக்கிற சிங்கத்துக்கும் கண்ணு, பிடரி, நகம் எல்லாம் வெச்சுதான் செதுக்கியிருக்கான். யாரும் பாக்க மாட்டாங்கன்னு அவன் ஒண்ணும் கொறைக்கல சார்."

டென்சில் பேனா மூடியைக் கொஞ்ச நேரம் கடித்தார். கெட்ட மனுஷர் இல்லை, சள்ளை பிடித்தவர், அவ்வளவுதான்.

"சரி மேன், பின்னால நின்னுக்கோ. ஆனா மாஸ்க் மூணுதான் செஞ்சாச்சு. உன்னுது நீயே பாத்துக்கோ."

காந்தா கோணிச் சாக்கைப் பிரித்து இரண்டு நாள் உட்கார்ந்து பிடரியும் முகமூடியுமாகத் தைத்தாள். போட்டுப் பார்க்கும்போது அவன் தும்மினான். "சிங்கம் தும்மாது, கம்முனு இரு" என்று தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். எந்தப் பக்கம் நிற்கப்போகிறான் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

பதினைந்தாம் தேதி காலை கோல்ஸ் பார்க் பக்கம் எள் போட்டால் விழாத கூட்டம். முன்னால் நின்ற சிங்கத்துக்குக் கைதட்டல், பக்கத்துச் சிங்கங்களுக்குப் போட்டோ. அசோகனுக்கு வாய்த்தது லாரிப் புகையும், பின்னால் வந்த பேண்டு வாத்தியக்காரர்களின் உப்பிய கன்னங்களும்தான். காந்தாவை விழா மேடைக்கு எதிரே நிற்கச் சொல்லியிருந்தான். முகமூடியின் வாய் வழியாகத் தேடித் தேடிப் பார்த்தான், ஆளைக் காணோம். மேடையும் தாண்டிப் போயிற்று. லாரியின் முன்பக்கத்தை மட்டும் பார்த்திருப்பாளோ? உன் புருஷன் எங்கேடி என்று யாராவது கேட்டு, முகம் சுண்டித் திரும்பிப் போயிருப்பாளோ? பாவி, முந்தின நாளே சொல்லியிருக்கலாம் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

லாரி ஐம்பதடி போனபின் சந்து முனையில் அவர்கள் வந்து நின்றார்கள். காந்தா, பக்கத்து வீட்டு ருக்கு, இன்னும் எட்டுப் பத்துப் பெண்கள். எல்லார் கையிலும் கேசரிப் பொட்டலம். ஏன் தாமதம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சங்கத்து முன்னால் கொடியேற்றி, கடைசி ஆளுக்கும் கேசரி கொடுக்காமல் மர்பி டவுன் பெண்கள் எந்த வருஷம் நகர்ந்திருக்கிறார்கள்? ருக்கு, எல்லாம் போயிடுச்சே என்பதுபோல் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

காந்தா நிமிர்ந்து பார்த்தாள். கைதட்டல் வாங்கிய சிங்கத்தைத் தூண் மறைத்திருந்தது. பக்கத்துச் சிங்கங்கள் தெருவோரத்து ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் பக்கம் முகம் வைத்து நின்றது ஒன்றே ஒன்று. அவள் ருக்குவின் தோளைப் பிடித்து உலுக்கி, கையை நீட்டிக் காட்டினாள். அத்தனை பெண்களும் அவனைப் பார்த்தார்கள்.

பிறகு அவள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பேண்டுக்காரர்களுக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தாள். லாரி ஆமை வேகத்தில்தான் போனது. வீலர் ரோடு நெடுக அவள் அவனைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.