வானம்பாடிக் கூடம்

பேரரசியின் கோடை அரண்மனையில், கூடத்தின் பட்டுத்துணி ஒட்டிய சுவரில் தீட்டியிருந்த கொக்குகள் அத்தனையும் அந்த அக்டோபரில் தெற்கே பறந்துபோயின. குளிர் அவ்வருஷம் முந்திக்கொண்டது. அரசவை தலைநகரத்துக்குக் கிளம்பியாயிற்று. கணப்புகளை அணைத்து, பொன்முலாம் பூசிய நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தியாயிற்று. கூடத்துக் காவலன் கபிதோன் வார்னிஷ் வாடை போகட்டுமென்று ஜன்னலைத் திறந்துவிட்டு முட்டைக்கோஸ் சூப் குடிக்கப் போனான். திரும்பி வந்தால், சீனத்துப் பட்டில் பூங்கிளைகள் மட்டும் இருந்தன. கொக்குகள் நின்ற இடத்தில் கிளைகள் சற்று மேலே எழும்பியிருந்தன. பாரம் இறங்கினால் எழும்பத்தானே செய்யும்.

கபிதோன் கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். முந்தைய காவலன் அம்பர் என்ற மஞ்சள் பிசின்கல் பதித்த சுவரில் ஒரு கீறல் விழுந்ததற்காகச் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டவன், இன்னும் வரவில்லை. பேரரசியோ அந்தக் கொக்குகளைப் பார்த்தபடிதான் காலைக் காபி குடிப்பார். கால்களில் பிரஷ் கட்டிக்கொண்டு தரை மெருகேற்ற வந்தவர்களைக்கூட, உள்ளே அம்மை கண்டிருக்கிறது என்று சொல்லித் துரத்தினான். அரண்மனை அடுப்படியில் ரொட்டி சுடும் அவன் மனைவி ஃபெவ்ரோன்யா மட்டும் கொஞ்சமும் இரங்கவில்லை.

"பயணம் போறவங்க கொஞ்ச நேரம் பேசாம உட்கார்ந்துட்டுத்தான் கிளம்பணும். அப்பத்தான் திரும்பி வர வழி தெரியும். நீ அதுங்கள உட்கார வச்சியா?"

"அதுங்க என்கிட்ட சொல்லிட்டா போச்சுங்க?"

மார்ச் வந்தது. பறவைகளை அழைக்க மாவில் வானம்பாடி பிடித்து, உலர்திராட்சையால் கண் வைத்துச் சுட்டு, ஜன்னலில் அடுக்குவது எங்கள் ஊர் வழக்கம். கபிதோன் அடுப்படியிலேயே பழியாய்க் கிடந்தான்.

"கொக்கு பிடிடி, கொக்கு."

"பிடிச்சுப் பார்த்தாச்சுய்யா. கழுத்து வேகுறதுக்குள்ள ஒடிஞ்சு விழுது. எனக்கு வானம்பாடிதான் வரும்."

வைத்தது வானம்பாடி, வந்ததும் வானம்பாடிதான். கூட்டமாக ஜன்னல் வழியே நுழைந்து, கிளைகளில் உட்கார்ந்து, பொழுது சாய்வதற்குள் பட்டோடு பட்டாகப் படிந்துவிட்டன. அவ்வளவு தங்கத்துக்கும் அம்பருக்கும் நடுவே மண் நிறத்தில் ஒரு சுவர். ஒன்றுக்கு மட்டும் கண் உலர்திராட்சை. அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மே மாதம் பேரரசி வந்தபோது, கபிதோன் சைபீரியாவுக்கென்று கம்பளி பூட்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே மண்டியிட்டான்.

"என் கொக்கெல்லாம் எங்கே?"

"தெற்கே போயிருச்சுங்க தாயே. உட்கார வச்சு அனுப்ப மறந்துட்டேன். அதான் வரல."

பேரரசி சுவரில் காதை வைத்தார். வானம்பாடிகள் பாடிக்கொண்டிருந்தன. பதினைந்து வயதில் ஜெர்மன் நாட்டிலிருந்து மணப்பெண்ணாக வந்தவர் அவர். அப்புறம் ஒருநாளும் பிறந்த ஊர் போனதில்லை.

"எங்க வீட்டுல அந்த வழக்கம் கிடையாது. என்னையும் உட்கார வைக்காமதான் வண்டியில ஏத்திவிட்டாங்க" என்றார். பிறகு காபி கேட்டார்.

அந்த வருஷ அக்டோபரில் வண்டிகளை வாசலில் நிறுத்திவிட்டு, வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலியில் பேரரசி உட்கார்ந்தார். தரையில் கபிதோனும் ஃபெவ்ரோன்யாவும் உட்கார்ந்தார்கள். சுவரிலும் பாட்டு நின்றது. ஒருவரும் பேசவில்லை. பிறகு பேரரசியே எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

கொக்குகள் வரவே இல்லை. வானம்பாடிகள் அடுத்த மார்ச்சில், ஃபெவ்ரோன்யா அடுப்பு மூட்டுவதற்கு முன்பே வந்துவிட்டன. ஆனாலும் அவள் ரொட்டி சுட்டாள்.