வானம் போட்ட எலும்பு

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பின் நாற்பதாவது நாள். இறைச்சி, பால், முட்டை எதுவும் எங்கள் ஊரில் அடுப்பேறாத காலம். அன்றுதான் என்னைத் தன் மகன் அட்டாலெலுக்குப் பெண் கேட்க கெபெயெஹு பெரியவர் வந்தார். நோன்பில் படு கறாரான ஆள். முற்றத்தின் நடுவே ஒரு மாட்டுக் காலெலும்பு, இன்னும் சிவப்பாகக் கிடந்தது.

"யெஷிமெபெத், இது என்ன?" என்று அம்மாவைக் கேட்டார்.

"வானத்துலேர்ந்து விழுந்துச்சுங்கண்ணே," என்றாள் அம்மா.

"அப்படியா? எங்க வீட்டு வானம் இதெல்லாம் போடறதில்லையே."

அட்டாலெலுக்காக இரண்டு வருடம் காத்திருந்தவள் நான்.

அம்மா அசரவில்லை. "தாடிக்கழுகு வேலைண்ணே. பள்ளத்துல மாடு செத்துக் கிடக்கு. மேட்டுப் பாறையில போட்டு உடைக்கிற எலும்பை, நம்ம புது சிமெண்டு முற்றத்தைப் பாத்து ஏமாந்து இங்க போட்டிருக்கு. உடையலைன்னா விடாது, எடுக்க வரும். வழக்கமா குடிக்கிற மூணு சுத்து காப்பி முடியறதுக்குள்ள வரலைன்னா நீங்க எழுந்து போகலாம்."

"அம்மா! என் கல்யாணத்தை வச்சா பந்தயம்?"

"நீ காப்பிக்கொட்டையை வறு."

கதவோரம் உட்கார்ந்தோம். முதல் சுற்றில் ஈதான் வந்தது. இரண்டாவதில் பக்கத்து வீட்டு நாய் வந்தது, செருப்பை வீசினேன். மூன்றாவது கோப்பையை அம்மா சொட்டுச் சொட்டாக ஊற்றினாள்.

"காப்பி ஊத்தறியா, மருந்து ஊத்தறியா?" என்றார் பெரியவர்.

அப்போது முற்றத்தில் ஒரு நிழல் ஓடியது. செம்பழுப்பு நெஞ்சும் கறுப்புத் தாடியுமாக இறங்கிய கழுகு, எலும்பைக் காலில் பற்றிக்கொண்டு மேலே மேலே போனது. பெரியவர் வாயைப் பிளந்தபடி முற்றத்துக்கே போய்விட்டார்.

"உள்ள வாங்கண்ணே!"

உயரத்திலிருந்து எலும்பு மறுபடி முற்றத்திலேயே விழுந்து சிதறியது. மஜ்ஜை தெறித்து அவருடைய வெள்ளைப் போர்வையெல்லாம் கொழுப்பு. நாங்கள் அவரை உள்ளே இழுத்ததும், கழுகு இறங்கி ஒரு நீளச் சில்லை அப்படியே விழுங்கியது.

"ஐயோ, இதோட கோயில் வழியா எப்படிப் போவேன்?"

"வானத்துலேர்ந்து விழுந்துச்சுன்னு சொல்லுங்க."

"எவன் நம்புவான்?"

"நான் கூட வந்து சாட்சி சொல்றேன், சம்பந்தி."

அவர் போர்வையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

"சீக்கிரம் கிளம்புங்க சம்பந்தி," என்றார்.