சர்க்கரை கொடுத்தவள்

காலை ஆறரை மணி பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டும்போது தில்லைநாதனுக்கு வேர்த்தது. சன்னல் காற்று முகத்தில் அடித்தும் வேர்த்தது. இளமதி கணவனின் கையைப் பிடித்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. மடியில் இருந்த பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

சர்க்கரை வியாதியே இல்லாத மனிதனுக்கு மூன்று மாதமாகச் சர்க்கரை இறங்கி இறங்கி மயக்கம் வந்தது. போன வாரம் சிதம்பரத்தில் டாக்டரம்மா கேட்டார்.

"வீட்ல யாராச்சும் இன்சுலின் போட்டுக்கறாங்களா?"

"எங்கம்மா."

"யாரு போட்டு விடறது?"

"இவதான்."

டாக்டரம்மா இளமதியை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார். "இன்சுலின் வெளியில இருந்து வருதா, ஒடம்பே ஏதும் கோளாறு பண்ணுதான்னு பாக்கணும். ஆன்டிபாடி டெஸ்ட் இருக்கு. வெறும் வயித்துல வாங்க, சர்க்கரை இறங்கறப்ப எடுக்கற ரத்தத்துலதான் எல்லாம் தெளிவாத் தெரியும். ரொம்ப முடியலன்னா மட்டும் குளுக்கோஸ் குடுங்க."

அன்று மாலை பிரிட்ஜ் கதவில் மாமியாரின் இன்சுலின் பாட்டில் இல்லை.

"மருந்துக்கடை பிரிட்ஜ்ல குடுத்து வச்சிருக்கேன். கரண்ட் போயிப் போயி வருதில்ல" என்றான் தில்லைநாதன். மறுநாளிலிருந்து மருந்துக்கடைக்காரரே வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். அந்த வாரம் செம்மண்டலத்தில் கரண்ட் போகவே இல்லை. திட்டக்குடியிலிருந்து அவன் அக்கா பவானி வந்து இறங்கினாள்.

பவானி இப்போது பின் சீட்டில் இருந்தாள்.

"அண்ணி, இவருக்கு முடியல."

"இன்னும் கொஞ்ச நேரந்தான். பல்லக் கடிச்சிக்கிட்டு வரட்டும். டெஸ்ட் எடுக்கணுமில்ல?"

தில்லைநாதன் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தான். கண் அவள் மேல் நிற்கவில்லை.

"யாரு நீங்க?" என்றான்.

இளமதி பொட்டலத்தைக் கிழித்தாள். பொடியை விரலில் தொட்டு அவன் கன்னத்தின் உள்பக்கம் தடவினாள்.

"தெரியும்டி எனக்கு" என்று பவானி எழுந்து நின்றாள். "டெஸ்ட்டக் கெடுக்கத்தான குடுக்கற?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவன் பல் அவள் விரலில் பதிந்தது. அவள் மறுபடியும் பொடியைத் தொட்டு வைத்தாள்.

"குடுத்தது சரிதான்" என்றார் டாக்டரம்மா. "ஆனா அந்த நேரத்து ரத்தம் போச்சு. அட்மிட் பண்ணிடுங்க. மறுபடி இறங்கறப்ப எடுத்துக்கலாம்."

பவானிதான் கட்டிலருகே இருந்தாள். இளமதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் கொண்டுபோன டிபன் பாக்ஸ் திறக்காமல் திரும்பி வந்தது. மறுநாள் விடிந்ததும் அவனுக்கு மறுபடி வேர்த்தது. நர்ஸ் ரத்தம் எடுத்த பிறகே குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரத்தம் சென்னைக்குப் போனது.

"நான்தான் பக்கத்துலயே போகலியே, அண்ணி" என்றாள் இளமதி.

"முன்னாடி ஏத்துனது மிச்சம் இருந்திருக்கும்."

தில்லைநாதன் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான். தூங்கவில்லை.

அடுத்த வாரம் ரிசல்ட் வந்தது. மூவரும் போனார்கள்.

"ஆன்டிபாடி ரொம்ப ஜாஸ்தி" என்றார் டாக்டரம்மா. "இவரு ஒடம்புல சுரக்கற இன்சுலின அது பிடிச்சி வச்சிக்குது, பெறகு நேரங்கெட்ட நேரத்துல விட்டுடுது. வெளியில இருந்து யாரும் போடல. போட்டிருந்தா, ஒடம்பு தானா இன்சுலின் சுரக்கறப்ப கூடவே வர்ற சி-பெப்டைடுன்னு இன்னொன்னு கொறஞ்சிருக்கும். அதுவும் ஜாஸ்தியாத்தான் இருக்கு." அவனைப் பார்த்தார். "கால் எரிச்சலுக்கு ஒரு நரம்பு மாத்திரை சாப்பிடறீங்கல்ல? அபூர்வமா சில பேருக்கு அதனால இப்பிடி ஆகும். நிறுத்திடுங்க."

ஹார்டுவேர் கடையில் நாள் முழுக்க நிற்கிற கால் அவனுக்கு.

"அத யாரு வாங்கிக் குடுத்தது?" என்றாள் பவானி.

"நான்தான்" என்றாள் இளமதி.

"பாத்தியா?"

"அது யார் தப்பும் இல்லம்மா" என்று டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பவானி ஊருக்குப் போகச் சிதம்பரத்திலேயே விருத்தாசலம் பஸ் ஏறிவிட்டாள். போகும்போது தம்பியிடம் மட்டும் சொல்லிக்கொண்டாள்.

செம்மண்டலத்தில் இறங்கியதும் தில்லைநாதன் மருந்துக்கடைக்குப் போய்ப் பாட்டிலை வாங்கி வந்தான். பிரிட்ஜ் கதவில், பழைய இடத்திலேயே வைத்தான்.

"இனிமே இங்கயே இருக்கட்டும்" என்றான். "கரண்ட் இப்ப ஒழுங்கா இருக்கு."

மாமியார் புஷ்பவள்ளி கட்டிலில் உட்கார்ந்து முந்தானையை விலக்கினாள்.

"போடும்மா. கடைக்காரன் குத்துனா ராத்திரியெல்லாம் கடுக்குது. நீ போட்டாத் தெரியறதே இல்ல."

இளமதி பாட்டிலை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினாள். அளவு பார்த்து ஊசியில் ஏற்றினாள். மாமியாரின் வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்துப் போட்டாள். பல் பதிந்த விரலில் தழும்பு இன்னும் இருந்தது. ஊசிக்கு மூடி போட்டாள். பாட்டிலைக் கதவில் வைத்து பிரிட்ஜை மூடினாள்.

தில்லைநாதன் வாசல் பக்கம் நகர்ந்தான்.

"ஏங்க" என்றாள். "அன்னைக்குக் கரண்ட் எப்பப் போச்சு?"