சூசைமேரி என்னும் குறுங்கோள்

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு குன்றின்மேல் இருந்த வானாய்வு நிலையத்தில், அந்தக் குறுங்கோளை முதலில் பார்த்தவள் சூசைமேரிதான். ஒரே வானத்தைச் சற்று நேரம் விட்டு எடுத்த இரண்டு படத் தகடுகளைக் கருவியில் பொருத்தி, மாற்றி மாற்றிப் பார்ப்பது அவள் வேலை. நட்சத்திரங்கள் வைத்த இடத்தில் இருக்கும். அன்றைக்கு ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தது. படபடப்போடு ஓடி, அதே நிலையத்தில் ஆய்வாளராக இருந்த கணவரை அழைத்துவந்து காட்டினாள். அதுதான் அவள் செய்த தப்பு.

ஆரோக்கியநாதன் தன் பெயரில் மேலிடத்துக்குத் தகவல் அனுப்பிவிட்டார். பாதையைக் கணக்கிட்டு உறுதி செய்ய நாலு வருஷம் பிடித்தது. கண்டுபிடித்தவரே பெயர் சூட்டலாம் என்றார்கள். ஐயா பெரிய மனசு பண்ணி மனைவியின் பெயரை வைத்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூசைமேரி சுற்றுகிறாளாம்! அவளுடையதைப் பிடுங்கி அவளுக்கே பரிசாகக் கொடுத்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் வயிறு எரியாது?

"நான்தான் பார்த்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று கேட்டாள்.

"உம் பேரே வானத்துல இருக்குது. இன்னும் என்னா வேணும் உனக்கு?" என்றார் அவர்.

1969இல் ஓசூர் மாதா கோவில் மண்டபத்தில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் பெருமூச்சு விட்டாள். "எங்க ஊட்டுக்காரரு எம் பேர ஒரு மாட்டுக்குக்கூட வெக்கல, மேரி."

பங்குச் சாமியார் சிரித்தபடி மைக்கை நீட்டினார். "இதக் கண்டுபுடிச்சது யாருன்னு நீயே சொல்லும்மா."

"சூசைமேரி" என்றாள் அவள்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. கட்டினவர் பெயரை மனைவி வாயால் சொல்லாத ஊர் அது. வெட்கத்தில் தன் பெயரைச் சொல்லிச் சமாளிக்கிறாள் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். "என்னா அடக்கம்!" என்றார் சாமியார். உண்மை தெரிந்த ஒரே ஆள் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார். அவரும் சேர்ந்து சிரித்துக் கைதட்டினார்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆரோக்கியநாதன்!"

சிரிப்பு பட்டென்று நின்றது. முன்வரிசைப் பெண்கள் வாயில் கைவைத்தார்கள்.

"ஆரோக்கியநாதன் அத கண்டுபுடிக்கல. நான் கண்டுபுடிச்சேன். இல்லன்னு அவர எந்திரிச்சுச் சொல்லச் சொல்லுங்க."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் எழுந்திருக்கவே இல்லை.