பரிபூரணத்துக்கு ஒரு முகம்

தலைமையாசிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் ஜெபாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. கம்ப்யூட்டரிடம் விவரம் சொல்லி வரைய வைத்த படம். நூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ்ப் பத்திரிகைக்காரி ஒருத்தி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அதுவும் தயங்காமல் ஒரு சினிமா நடிகைக்கு மூக்குக்கண்ணாடி மாட்டி, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்து, கையில் இறகுப் பேனா கொடுத்து அனுப்பிவிட்டது. ‘கிடைக்கவில்லை என்றால் இதையே மாட்டிவிடலாமா?’ என்று கீழே ஒரு வரி வேறு.

“உங்க பெரியாத்தா இம்புட்டு லட்சணமா இருந்துமா ஏட்டி கல்யாணம் ஆகாம கெடந்தாவ?” என்றான் பெலிக்ஸ், அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

“அவிய கட்டிக்கிடல. ஆகாம இல்ல.”

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமாக நடத்தும் பிளக்ஸ் கடை அது. காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று எது வந்தாலும் முகத்தைச் சுத்தம் செய்து வட்டத்துக்குள் பொருத்துவது ஜெபாவின் வேலை. ஊரில் பாதிப் பேருடைய இரட்டைத் தாடையை அவள்தான் ஒற்றையாக்கியிருக்கிறாள். அப்படிப்பட்டவளுக்குத் தன் வீட்டு முகம் ஒன்று அகப்படவில்லை என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்.

பெரியாத்தா என்று அவர்கள் சொன்ன பரிபூரணம், ஜெபாவுடைய தாத்தாவுக்கு அக்கா. வெள்ளைக்காரன் காலத்தில் மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு வேலை பார்த்தவள். பெரிய மனிதர்களைத் தேடிப் போய், எதிரில் உட்கார்ந்து, பென்சிலால் முகத்தை வரைந்து, பக்கத்தில் அவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவாள். வக்கீல், ஜமீன்தார், நாடகக்காரி, பஸ் முதலாளி என்று யாரையும் விட்டவள் இல்லை. அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. வரைந்து முடித்ததும் வலது மூலையில் தன் பெயரைச் சின்னதாகப் போடுவாள். பிறகு தாளை எதிராளி பக்கம் திருப்புவாள். படத்துக்கு அடியில் அவர் கையெழுத்துப் போடவேண்டும், ‘இது நான்தான்’ என்று ஒத்துக்கொள்கிற மாதிரி. போடாதவரை எழுந்திருக்க மாட்டாள். மூக்கைக் கொஞ்சம் குறைத்தால்தான் ஆச்சு என்று ஒரு ஜமீன்தார் அடம்பிடித்தாராம். சரி என்று வாங்கி வைத்துக்கொண்டவள், அவர் சாப்பிட்டு வெற்றிலை போட்டு முடிக்கும்வரை சும்மா இருந்துவிட்டு, அதே மூக்கை அப்படியே நீட்டினாளாம். ‘இப்ப சரியா இருக்கு’ என்று மனிதர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அச்சான தாள்களில் நாலைந்து ஜெபாவின் வீட்டில் இருக்கின்றன. எல்லாருடைய முகமும் அதில் உண்டு, வரைந்தவள் முகம்தான் இல்லை. ஒரு போட்டோ கிடையாது.

ஜெபாவின் அப்பாவைச் சிறு பிள்ளையில் தூக்கி வளர்த்தவள் பரிபூரணம். போன வருஷம் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அவர், “அத்தை சேலை வாடைகூட ஞாபகத்துல இருக்கு தாயீ, மூஞ்சி வர மாட்டேங்கு” என்று சொல்லி அழுதார். நான் கண்டுபிடித்துக் கொண்டுவருகிறேன் என்று இவள் வாக்குக் கொடுத்தாள். அவர் போய்விட்டார், கொடுத்த வாக்கு இவளிடம் நின்றுவிட்டது. இப்போது பரிபூரணம் படித்த பள்ளிக்கூடத்திலேயே நூலகத்துக்கு அவள் பெயரை வைக்கிறார்கள், வாசலில் மாட்டப் படம் கேட்கிறார்கள். அங்கே போய் அந்த நடிகையை மாட்டுவதா.

அந்தச் சமயத்தில்தான் ராஜபாளையத்திலிருந்து கௌதம்ராஜ் அழைத்தார். பேண்டேஜ் துணி கம்பெனி வைத்திருப்பவர், பழைய வாடிக்கை. நூலகத்துக்குப் புத்தக அலமாரிகள் கொடுப்பவரும் அவர்தான். அவருக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. பிளக்ஸில் மேலே வட்டம் வட்டமாக முன்னோர் படம் வரவேண்டும். பூட்டனார் திம்மராஜாவுடைய பெண்டாட்டி அச்சம்மாவின் படம் பூஜை அறையில் இருக்கிறது, பென்சில் படம், அதை வீட்டை விட்டு வெளியே அனுப்ப அவர் மனைவி மகாலட்சுமி சம்மதிக்க மாட்டேன் என்கிறாள்.

“நீயே வந்து எடுத்துக்கிட்டுப் போம்மா. வீட்டுல அவகூட மல்லுக்கட்ட என்னால ஏலாது” என்றார்.

ஜெபா காமிராவைத் தூக்கிக்கொண்டு போனாள். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பம், பாட்டியை அவ்வா என்பார்கள். வாசலில் நின்ற வெள்ளை நாயை அதட்டிவிட்டு மகாலட்சுமி அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். பூஜை அறையில் சாமி படங்களுக்குச் சரிசமமாக அந்தப் படம் மாட்டியிருந்தது. கதம்ப மாலை. கண்ணாடிக்கு மேல் நெற்றி இருக்கும் இடத்தில் குங்குமம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக ஏறி நகக்கனம் நின்றது.

“எங்க அவ்வா கண்ணப் பாத்தியா. ஒண்ணு நம்மளப் பாக்கும், ஒண்ணு செத்த மேல பாக்கும். அது சாமிகிட்ட பேசுற கண்ணும்பாக என் மாமியாரு” என்றாள் மகாலட்சுமி. “தோள்ல இருக்கே பதக்கம், அது கலெக்டர் பொண்டாட்டி குடுத்தது.”

பத்தொன்பது வயதில் இந்த வீட்டுக்கு வந்தபோது யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் இந்த அறைக்குள் வந்துதான் அழுதிருக்கிறாள் மகாலட்சுமி. வயிற்றில் இரண்டு தங்காமல் போனபோதும், மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு பெங்களூர் போனபோதும், கௌதம்ராஜுக்கு நெஞ்சுவலி வந்தபோதும் முதல் தகவல் அவ்வாவுக்குத்தான். இதையெல்லாம் அவள் வெட்கப்படாமல் சொன்னாள். ஜெபாவுக்கு அந்த அம்மாளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கண்ணாடி இருந்தால் வெளிச்சம் பட்டுக் கண் கூசும், கழற்றித்தான் எடுக்க வேண்டும் என்றதும் மகாலட்சுமி யோசித்தாள். பிறகு தானே மாலையைக் கழற்றி, படத்தை இறக்கி, கும்பிட்டு ஜெபாவின் கையில் கொடுத்துவிட்டுக் காப்பி போடப் போனாள்.

பின்பக்கத்து ஆணிகளை நெம்பி, சட்டத்தை எடுத்து, கண்ணாடியைத் தூக்கினாள் ஜெபா. குங்குமம் கண்ணாடியோடு போய்விட்டது. பொட்டில்லாத நெற்றி. பொட்டுக்கான அடையாளமே தாளில் இல்லை. வலது மூலையில் அச்சம்மா என்று கோணல் மாணலாக எழுதியிருந்தது. இத்தனை நாளும் சட்டம் மறைத்துக்கொண்டிருந்த அடிவிளிம்பில், மசியில், இன்னொரு பெயர் இருந்தது. தாத்தாவின் பைபிளில், அக்கா தம்பிக்குக் கொடுத்தது என்று எழுதிய முதல் பக்கத்தில், சின்ன வயதிலிருந்து அவள் பார்த்துப் பழகிய அதே கையெழுத்து. பரிபூரணம்.

ஜெபா இரண்டு பெயரையும் மாறி மாறிப் படித்தாள். மூலையில் இருப்பது வரைந்தவர் பெயர், அடியில் இருப்பது உட்கார்ந்தவர் கையெழுத்து. வீட்டுக்காரர் திம்மராஜாவை வரையத்தான் இங்கே வந்திருப்பாள் பெரியாத்தா. வந்த இடத்தில் வீட்டுக்காரி அச்சம்மா பென்சிலை வாங்கி அவளையே வரைந்திருக்கிறாள். பின்னால் வந்தவர்கள் மூலையில் இருந்த பெயரைப் படித்து, அதுதான் படத்தில் இருப்பவள் என்று பொட்டு வைத்துவிட்டார்கள். கலெக்டர் பதக்கம் மிஷன் பள்ளிக்கூடத்து அம்மாக்கள் தோளில் குத்துகிற சேலை ஊக்கு. சாமியோடு பேசுகிற கண், பென்சில் பிடித்துப் பழகாத கை செய்த கோளாறு. ஜெபாவுக்குச் சிரிப்பு வந்து அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அப்பா இருந்திருக்கலாம்.

கொல்லைப்பக்கம் போய் பெலிக்ஸுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

“பேசாம எடுத்துக்கிட்டு வா. ரெண்டு எடத்துக்கும் போட்டுக் குடுத்துருவோம்” என்றான் அவன்.

“லைப்ரரி தொறப்புக்கு அக்காவும் அண்ணாச்சியும் முத வரிசையில இருப்பாவ. வாசல்ல அவிய கும்பிடுற மூஞ்சி தொங்கும்.”

“அப்ப அந்தக் கம்ப்யூட்டர் பொம்பளையே இருந்துட்டுப் போவட்டும். அவளுக்காவ அழ யாரும் இல்ல.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வாயை மூடிக்கொண்டால் மகாலட்சுமிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் நீளமூக்கு ஜமீன்தாரையே ஒத்துக்கொள்ள வைத்தவள், இது நான்தான் என்று கைப்பட எழுதிவைத்திருக்கிறாள். அதைப் பார்த்த பிறகு மறுபடி சட்டத்துக்குள் வைத்து ஆணி அடிக்க ஜெபாவுக்கு மனசு வரவில்லை.

காப்பியோடு வந்த மகாலட்சுமியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தன் போனில் இருந்த பழைய பத்திரிகைத் தாள்களின் படங்களைக் காட்டினாள், மூலையில் ஒரே பெயர், அடியில் வேறு வேறு கையெழுத்து. மகாலட்சுமி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். காப்பியில் ஏடு படிந்தது.

“அப்ப இம்புட்டு வருசமா நான் யார்கிட்ட அழுதேன்?”

“எங்க பெரியாத்தாகிட்டக்கா.”

“வேதக்காரியா அவுக, ஏசு சாமியக் கும்பிடுறவுகளா?”

“ஆமாக்கா.”

“உனக்கு வேணும்னு சொல்ற.” குரல் கடுத்திருந்தது.

“வேணுந்தான்க்கா. எங்கப்பாவுக்குச் சொன்ன சொல்லு. ஆனா நீங்க வேண்டாம்னா இப்பமே பழையபடி மாட்டிட்டுப் போயிருதேன். யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

மகாலட்சுமி சுவரைப் பார்த்தாள். படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, சதுரமாகத் தெரிந்தது.

“அப்ப எங்க அவ்வா மூஞ்சி எங்க?” என்றாள்.

தன் வீட்டுக் குறையைத் தீர்க்கப் போய், அதே குறையை இந்த வீட்டில் வைத்துவிட்டோமே என்று ஜெபாவுக்கு இருந்தது. பேசாமல் பெலிக்ஸ் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

மகாலட்சுமி தாளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கண்ணாடி இல்லாமல் அவளும் அதை இதுவரை பார்த்ததில்லை. விரலால் அந்தக் கோணல் கண்ணைத் தடவினாள்.

“இங்க ஏன் சொரசொரங்குது?”

“அழிச்சு அழிச்சு வரைஞ்சிருக்காவ. கண்ணு வரல போல. விடவும் மனசில்ல.”

“எங்க அவ்வாவப் பத்தி, தினமும் எத்தன பேருக்கு ஆக்கிப் போட்டாகன்னுதான் சொல்லுவாக. பென்சில் புடிச்சாகன்னு ஒருத்தரும் சொன்னதில்ல.” மறுபடி தடவினாள். “மத்தவுகள அப்படி வரையுற மனுசி, இந்தக் கோணக் கண்ணுக்குக் கையெழுத்துப் போட்டாகளா?”

“சந்தோசமாத்தான் போட்டிருப்பாவ. சுழிச்சிருக்கத பாருங்க.”

மகாலட்சுமியின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா அழுகையா என்று ஜெபாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கூடத்திலிருந்து கௌதம்ராஜ், “போட்டோ எடுத்தாச்சா?” என்று குரல் கொடுத்தார்.

“செத்த நேரம் இருங்க” என்றாள் மகாலட்சுமி.

தாளைப் பலகையின் மேல் வைத்துவிட்டு, சாமி முன்னாலிருந்த குங்குமச் சிமிழை எடுத்து மோதிர விரலால் தொட்டாள். இப்போது கண்ணாடி இல்லை, தாளில் பட்டால் குங்குமம் எந்தக் காலத்திலும் போகாது. தடுக்க எழுந்த கையை ஜெபா மடியிலேயே அழுத்திக்கொண்டாள். பழக்கத்தில் நெற்றிக்கு நேராக வந்த விரல் அங்கே நின்றது. பிறகு கண்ணைத் தாண்டி, தோள் ஊக்கைத் தாண்டி, வலது மூலைக்குப் போய், அச்சம்மா என்ற கோணல் எழுத்தின் மேல் மெதுவாக அழுந்தியது.